வீட்டிலிருந்தே வாகனப் போக்குவரத்துத் தரகு: அமெரிக்காவில் பகுதிநேரமாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்பவர், இணைய ஏலத்தில் கார் எடுத்தவர், பனிக்காலத்தைக் கழிக்க ஃப்ளோரிடாவுக்குச் செல்லும் முதியவர், பணியிட மாற்றம் பெற்ற படைவீரர் என்று எத்தனையோ பேர் தங்கள் வாகனத்தைத் தாமே ஓட்டிச் செல்லாமல் டிரெய்லரில் ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த டிரெய்லரை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டிகளோடு தொழில் நடத்தும் சிறு முதலாளி. பல நேரங்களில் அவரே ஓட்டுநரும்கூட. நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் இருக்கும் அவருக்கு வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்க நேரமில்லை. வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே கார் அனுப்பும் வாடிக்கையாளருக்கோ நம்பத்தக்க கேரியரை, அதாவது வாகனத்தை ஏற்றிச் செல்பவரை, கண்டறியும் வழி தெரியாது. இந்த இருவருக்கும் நடுவே நிற்பவர்தான் வாகனப் போக்குவரத்துத் தரகர். லாரியும் கிடங்கும் ஊழியர்களும் தேவைப்படாத தொழில் என்பதால், ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு தனித் தொலைபேசி எண் ஆகியவற்றோடு வீட்டிலிருந்தே இதைத் தொடங்கிவிட முடிகிறது.

தொடங்குவது எளிது என்பதாலேயே இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயரும் உண்டு. ஆளைப் பிடிப்பதற்காக எந்த ஓட்டுநரும் ஏற்காத குறைந்த விலையைச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, புறப்படும் நாள் நெருங்கியதும் "இன்னும் இருநூறு டாலர் கூட்டினால்தான் வண்டி கிடைக்கும்" என்று கைவிரிக்கும் தரகர்களால் வந்த பெயர் அது. தரகரிடம் சொந்தமாக வண்டி இல்லை. அவர் விற்பதெல்லாம் "இந்த விலைக்கு, இந்த நாட்களுக்குள், காப்பீடு உள்ள ஒரு கேரியர் வருவார்" என்ற சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தக்க விலையையும் ஆளையும் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வதே இத்தொழிலைக் கற்றுக்கொள்வதாகும். ஆகவே பதிவு, படிவம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், விலை குறிப்பதையும் கேரியரைச் சரிபார்ப்பதையும் பற்றி இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள்

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குக் குடிநுழைவுச் சட்டப்படி தடை எதுவும் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவரின் வேலை அனுமதியோ குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியது. மாலை நேரத்தில் வீட்டிலிருந்தபடி தம் பெயரிலான தரகு நிறுவனத்துக்கு உழைப்பதும் அனுமதியற்ற வேலையாகவே கொள்ளப்படும். பங்கு வைத்திருப்பது வேறு, அமர்ந்து வேலை செய்வது வேறு என்ற வேறுபாட்டைச் சிலர் தங்களுக்குச் சாதகமாக நீட்டிப் பொருள்கொள்கிறார்கள். ஒரு சிறு வருமானத்துக்காகக் குடும்பத்தின் விசா நிலையையே பணயம் வைப்பது தகாது. வேலை அனுமதி அட்டை பெற்ற எச்-4 துணைவருக்குச் சுயதொழில் செய்யத் தடையில்லை என்பதால், சில வீடுகளில் அவரே தொழிலை உண்மையாகவே நடத்தலாம். ஐயம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே குடிநுழைவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது உங்கள் முழுநேர வேலை. பணி ஒப்பந்தத்தில் வெளித்தொழில் பற்றிய நிபந்தனை உண்டா என்று பாருங்கள். அதைவிட முக்கியமான கேள்வி, வேலை நேரத்தில் ஐந்து நிமிடம் தொலைபேசியை எடுக்க உங்களால் முடியுமா என்பது. விலை விசாரணைகள் மாலையிலும் வார இறுதியிலும் வரும். அவற்றுக்கு வீட்டில் அமர்ந்து பதில் சொல்லிவிடலாம். ஆனால் "வாசலில் நிற்கிறேன், யாரும் எடுக்கவில்லை" என்று ஓட்டுநர் அழைப்பது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியாக இருக்கும். அந்த அழைப்பை எடுக்க நீங்களோ வீட்டில் உள்ள இன்னொருவரோ இல்லையென்றால், இத்தொழிலை இப்போதைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

உரிமம் எடுப்பதற்கு முன் தொழிலைத் தொட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே உரிமம் பெற்ற தரகு நிறுவனம் ஒன்றில், அதன் பெயரிலும் அதன் பதிவின் கீழும் கமிஷன் அடிப்படையில் முகவராகச் சில மாதங்கள் வேலை செய்வதுதான் அது. ஆழம் தெரியாமல் காலை விடாமல் இருக்க இதைவிட மலிவான பாடம் கிடைக்காது என்பது என் கருத்து.

ஒரு கார் எப்படிப் போய்ச் சேர்கிறது

டாலஸில் இருந்து அட்லாண்டாவுக்கு, ஏறத்தாழ 800 மைல், ஒருவர் தம் செடான் காரை அனுப்ப விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம் அந்த வழித்தடத்தில் ஓட்டுநர்கள் 800 டாலருக்கு ஏற்றிச் செல்வதாகத் தெரிகிறது. நீங்கள் உங்கள் தரகாக 150 டாலரைச் சேர்த்து 950 டாலர் என்று விலைப்புள்ளி தருகிறீர்கள். (இந்த எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டுமே, விலை வாரத்துக்கு வாரம் மாறும்.) வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், காரின் விவரம், ஊர்கள், 800 டாலர் வாடகை, ஏற்றத் தயாராகும் நாள் ஆகியவற்றை லோடு போர்டில், அதாவது ஏற்ற வேண்டிய சரக்குகளைக் கேரியர்களுக்குக் காட்டும் இணையப் பலகையில், இடுகிறீர்கள். வாகனப் போக்குவரத்தில் பெரும்பாலோர் பயன்படுத்துவது சென்ட்ரல் டிஸ்பாட்ச் என்ற லோடு போர்டு. தன் டிரெய்லரில் ஓரிடம் காலியாக உள்ள கேரியர் அதைப் பார்த்து அழைக்கிறார். நீங்கள் அவரது பதிவையும் காப்பீட்டையும் சரிபார்த்து, காரை அவருக்கு ஒதுக்கும் ஆணையான டிஸ்பாட்ச் தாளை அனுப்பி, அவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகே வாடிக்கையாளரிடம் 150 டாலரை அட்டை மூலம் பெறுகிறீர்கள். மீதி 800 டாலரைக் கார் இறங்கும் இடத்தில் வாடிக்கையாளர் ஓட்டுநரிடம் ரொக்கமாகவோ வங்கிக் காசோலையாகவோ நேரடியாகக் கொடுக்கிறார்.

இந்த முறையில் கேரியரின் பணம் உங்கள் கையில் தங்குவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. முழுத் தொகையையும் நீங்களே வாங்கிக்கொண்டு பின்னர் கேரியருக்குக் கொடுக்கும் முறையும் உண்டு. கார் விற்பனையகங்கள் பெரும்பாலும் அதையே விரும்பும். ஆனால் விற்பனையகம் முப்பது நாள் கழித்துப் பணம் தரும், ஓட்டுநரோ சில நாட்களில் கேட்பார். அந்த இடைவெளியைத் தாங்கும் கைமுதல் சேரும் வரை அதில் இறங்க வேண்டாம்.

பதிவும் உரிமமும்

மாநில எல்லை தாண்டும் சரக்குக்குத் தரகு செய்ய, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கீழ் இயங்கும் ஃபெடரல் மோட்டார் கேரியர் சேஃப்டி அட்மினிஸ்ட்ரேஷனிடம், சுருக்கமாக எஃப்எம்சிஎஸ்ஏவிடம், தரகர் உரிமம் பெற்றாக வேண்டும். உரிமமின்றித் தரகு செய்வோருக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை என்று சட்டத்தில் எழுதப்பட்ட அபராதம் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தப்பட்டு வருகிறது. நிறுவனத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாதபடி அதன் நிர்வாகிகளையும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க அச்சட்டம் இடம் தருகிறது.

முதலில் உங்கள் மாநிலத்தில் எல்எல்சி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். தனிநபராகவும் தொழில் செய்யலாம். எனினும் பிறருடைய வாகனங்கள் தொடர்பான வழக்குகள் உங்கள் வீட்டையும் சேமிப்பையும் தொடாதிருக்க எல்எல்சி ஓரளவு அரணாக இருக்கும். பிறகு கூட்டாட்சி வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் இஐஎன் என்ற வரி எண்ணைப் பெறுங்கள். இது இலவசம், இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. அதன் பின் நிறுவனப் பெயரில் தனி வங்கிக் கணக்கு. வீட்டு முகவரியில் தொழில் நடத்த நகராட்சி அனுமதியோ குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலோ தேவையா என்பதையும் இதே வாரத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

அடுத்து எஃப்எம்சிஎஸ்ஏவிடம் இணையவழி விண்ணப்பம். உரிமத்துக்கான கட்டணம் 300 டாலர். ஒருமுறை செலுத்துவது, திரும்பக் கிடைக்காதது. விண்ணப்பத்தில் சரக்குத் தரகர் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுச் சாமான் தரகர் என்பது தனி விதிகள் கொண்ட வேறொரு பதிவு. "காரோடு சேர்த்து வீட்டுச் சாமான்களையும் அனுப்பித் தர முடியுமா?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம், அந்தப் பதிவு இல்லாதவரை, முடியாது என்றே சொல்ல வேண்டும். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின் பத்து நாட்கள் ஆட்சேபத்துக்கான காலம். மற்ற ஆவணங்களும் சேர்ந்தால்தான் உரிமம் செயலுக்கு வரும். எல்லாம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்று திட்டமிடுங்கள்.

அந்த ஆவணங்களில் முதன்மையானது 75,000 டாலர் பிணை. 2012ஆம் ஆண்டு நிறைவேறிய மேப்-21 சட்டத்தின்படி, அதுவரை 10,000 டாலராக இருந்த இத்தொகை 2013 அக்டோபர் 1 முதல் 75,000 டாலராக உயர்ந்தது. முழுத் தொகையையும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. பிஎம்சி-84 என்ற பிணைப்பத்திரத்தை ஒரு பிணை நிறுவனத்திடம் ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாங்கலாம். நல்ல கடன் மதிப்பெண் உள்ளவருக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் அளவில் தொடங்கும், மதிப்பெண் குறைந்தவருக்குப் பல மடங்கு கூடும். பிஎம்சி-85 என்ற அறக்கட்டளை நிதி மற்றொரு வழி. அதில் பணத்தை உண்மையாகவே முடக்க வேண்டியிருக்கும். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்றுண்டு: இந்தப் பிணை உங்களைக் காக்கும் காப்பீடு அல்ல. நீங்கள் பணம் கொடுக்காமல் விட்ட கேரியருக்கோ வாடிக்கையாளருக்கோ பிணை நிறுவனம் கொடுத்துவிட்டு, அத்தொகையை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். பிணை 75,000 டாலருக்குக் கீழே இறங்கினால் உரிமமும் நிறுத்திவைக்கப்படும்.

இதனுடன், உங்கள் மீதான சட்ட அறிவிப்புகளைப் பெறுவதற்கு முகவர்களை நியமிக்கும் பிஓசி-3 படிவம் தாக்கலாக வேண்டும். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து இதைச் சிறு கட்டணத்தில் செய்து தரும் நிறுவனங்கள் உள்ளன. ஆண்டுதோறும் யுசிஆர் என்ற ஒருங்கிணைந்த கேரியர் பதிவுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். தரகர்களுக்கு மிகக் குறைந்த படிநிலைக் கட்டணமே. விண்ணப்பம் பொதுப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து உங்கள் தொலைபேசி ஓயாது. அரசு அலுவலகம் போலவே பேசி, "இன்றே பணம் கட்டாவிட்டால் உரிமம் ரத்து" என்று மிரட்டும் அழைப்புகளும் கடிதங்களும் வரும். எதற்கும் உடனே பணம் கொடுக்காமல், எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் உங்கள் நிலையை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தில் இடும் தொலைபேசி எண் உங்கள் சொந்த எண்ணாக இல்லாமல் தொழிலுக்கென வாங்கிய எண்ணாக இருந்தால் வீட்டில் அமைதி இருக்கும்.

விலைப்புள்ளி: தொழிலின் உயிர்

வாகனப் போக்குவரத்துக்கு அச்சிட்ட விலைப்பட்டியல் கிடையாது. ஓட்டுநர் ஏற்றுக்கொள்ளும் தொகையே விலை. எட்டு ஒன்பது கார்களை ஏற்றும் நீண்ட திறந்த டிரெய்லரை ஓட்டுபவர், தம் வழியில் காலியாக உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் லோடு போர்டில் உள்ள கார்களை ஒப்பிட்டு, நல்ல தொகை உள்ளவற்றையே முதலில் எடுப்பார். உங்கள் கார் 650 டாலருக்கும், அதே வழித்தடத்தில் வேறு இருபது கார்கள் 800 டாலருக்கும் இருந்தால், உங்கள் காரை யாரும் தொடமாட்டார்கள். அது வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆகவே எந்த வழித்தடத்துக்கும் விலை சொல்வதற்கு முன், அந்த நேரத்தில் எத்தனை கார்கள் காத்திருக்கின்றன, எந்தத் தொகையில் உள்ளன, அண்மையில் எந்தத் தொகைக்கு எடுக்கப்பட்டன என்பதை லோடு போர்டில் பாருங்கள். நடுவில் உள்ள தொகையைவிடச் சற்றே மேலே குறித்தால் கார் நகரும்.

தூரம் கூடக்கூட மொத்த விலை கூடும். ஆனால் ஒரு மைலுக்கான விலை குறையும். ஏற்றி இறக்கும் உழைப்பு 200 மைலுக்கும் 2,000 மைலுக்கும் ஒன்றே என்பதுதான் காரணம். இரு பெருநகரங்களுக்கு இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய முகவரிகள் மலிவானவை. மொன்டானாவின் சிற்றூர் ஒன்றுக்கு அனுப்பும்போது, ஓட்டுநர் திரும்பி வரும் காலி மைல்களுக்கும் சேர்த்தே கேட்பார். அதே வழித்தடத்தில் திசை மாறினாலும் விலை மாறும்: வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நடுமேற்கிலிருந்தும் முதியோர் ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் இறங்கும் இலையுதிர்காலத்தில் தெற்கு நோக்கிய விலை ஏறும், அவர்கள் திரும்பும் மார்ச் முதல் மே வரை வடக்கு நோக்கிய விலை ஏறும். எதிர்த்திசையில் செல்லும் ஓட்டுநர் காலியாகப் போவதைவிடக் குறைந்த தொகைக்கும் சம்மதிப்பார். படையினரின் இடமாற்றங்கள் குவியும் கோடையில் விலை பொதுவாகவே உயர்ந்திருக்கும்.

காரின் அளவையும் நிலையையும் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். பெரிய எஸ்யுவியும் பிக்கப்பும் கூடுதல் இடம் பிடிக்கும். உயர்த்தப்பட்ட சக்கரங்களும் கூரைப் பெட்டிகளும் டிரெய்லரின் உயரக் கணக்கைக் குலைக்கும். எடையும் இப்போது முக்கியமாகிவிட்டது. முழு டிரெய்லரின் மொத்த எடை பொதுவாக 80,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. மின்கல வாகனங்கள் அதே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனமானவை, ஜிஎம்சி ஹம்மர் மின்வாகனம் ஒன்றே 9,000 பவுண்டுக்கு மேல் நிற்கும். கார் தானாக ஓடுமா, உருளுமா, பிரேக் பிடிக்குமா, சாவி இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். "ஓடும்" என்று சொல்லப்பட்ட கார் பேட்டரி செத்துக் கிடந்தால், இழுவை இயந்திரம் இல்லாத ஓட்டுநர் அதை ஏற்றாமல் போய்விடுவார்; வீணாக வந்த தூரத்துக்கு அவர் உங்களிடம் பணம் கேட்பதும் நியாயமே.

நாட்களையும் விலையைப் போலவே கவனமாகச் சொல்ல வேண்டும். கூட்டாட்சி விதிப்படி ஓட்டுநர் 14 மணி நேரப் பணிக்குள் 11 மணி நேரமே ஓட்டலாம். அதன் பின் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். இடையிடையே கார்களை ஏற்றி இறக்கும் நேரமும் உண்டு. எனவே நாளொன்றுக்கு 400 முதல் 500 மைல் என்று கணக்கிட்டு, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஏழு முதல் பத்து நாள் என்று சொல்லுங்கள். ஏற்றும் நாளையும் "12ஆம் தேதி" என்று உறுதியளிக்காமல் "12 முதல் 14க்குள்" என்று எழுதுங்கள். உண்மையான விலையையும் இந்த நாள் இடைவெளியையும் கேட்ட வாடிக்கையாளர்களில் பலர் வேறிடத்தில் மலிவாகச் சொன்னார்கள் என்று போய்விடுவார்கள். போகட்டும். அவர்களில் சிலர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருவார்கள்; அப்போது பேரம் பேசமாட்டார்கள்.

கேரியரைச் சரிபார்த்தல்

இந்த வேலையில் ஒருநாளும் அவசரம் காட்டாதீர்கள். கேரியர் தம் பதிவு எண்ணைச் சொன்னதும் எஃப்எம்சிஎஸ்ஏவின் சேஃபர் தளத்தில் அதை இட்டுப் பாருங்கள். இயங்க அனுமதி உண்டா, எத்தனை வண்டிகள், ஏற்றும் சரக்கு வகைகளில் மோட்டார் வாகனம் குறிக்கப்பட்டுள்ளதா, சோதனைகளில் வண்டி நிறுத்தப்பட்ட விகிதம் நாட்டுச் சராசரியைவிடக் கூடுதலா என்பவை எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். அங்கே உள்ள தொலைபேசி எண்ணையும் உங்களை அழைத்த எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறானால், பதிவேட்டில் உள்ள எண்ணை நீங்களே அழைத்து, "டாலஸிலிருந்து இந்தக் காரை எடுக்க உங்கள் ஆள் கேட்டிருக்கிறாரா?" என்று விசாரியுங்கள். நேர்மையான கேரியரின் அடையாளத்தைத் திருடி, அவர் பெயரில் காரை எடுத்துக்கொண்டு மறைந்துவிடும் கும்பல்கள் இன்று இத்தொழிலின் பெரிய ஆபத்து. லோடை வாங்கி உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவருக்குக் கைமாற்றும் மறுதரகும் அதே வகைதான். காரை எடுக்க வந்த வண்டியின் கதவில் உள்ள பெயரும் எண்ணும் டிஸ்பாட்ச் தாளில் உள்ளவைதானா என்று பார்க்கும்படி வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. சாலையில் பிறருக்கு விளையும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு, கனரக வண்டிகளுக்குக் குறைந்தது 750,000 டாலர் என்று கூட்டாட்சி விதி உள்ளது. ஆனால் டிரெய்லரில் உள்ள சரக்குக்கான காப்பீட்டைப் பொதுச் சரக்குக் கேரியர்கள் எஃப்எம்சிஎஸ்ஏவிடம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் 2011இல் நீக்கப்பட்டுவிட்டது. அதாவது, உங்கள் வாடிக்கையாளரின் காரைக் காக்கும் பகுதியை அரசு சரிபார்ப்பதில்லை. நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். பிக்கப்பால் இழுக்கும் மூன்று கார் டிரெய்லருக்கு 100,000 டாலரும் முழு நீள டிரெய்லருக்கு 250,000 டாலரும் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவு. சான்றிதழைக் கேரியர் அனுப்பினால் ஏற்காமல், காப்பீட்டு முகவரிடமிருந்தே நேராக உங்களுக்கு வரச் செய்யுங்கள். ஒரு காருக்கான உச்ச வரம்பு, கழிவுத் தொகை (சேதத்தில் காப்பீடு தராமல் கேரியரே ஏற்க வேண்டிய பகுதி), அந்தக் குறிப்பிட்ட வண்டிக்குக் காப்பீடு பொருந்துமா, ஆளின்றி நிறுத்திய இடத்தில் நடந்த திருட்டுக்கு விலக்கு உண்டா என்று முகவரிடம் கேளுங்கள்.

நான் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு கேரியரை, முந்தைய மாதம் அவர் அனுப்பிய சான்றிதழை நம்பி, மறுபடி பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அந்த இடைப்பட்ட நாட்களில் கட்டணம் கட்டாததால் அவரது காப்பீடு ரத்தாகியிருந்தது. பம்பரில் விழுந்த சிறு கீறலுக்கான செலவை என் கையிலிருந்து கொடுத்து முடித்தேன். அதன் பிறகு, நேற்று வேலை செய்த கேரியராக இருந்தாலும் இன்று மறுபடி பார்க்காமல் டிஸ்பாட்ச் தாள் என் மேசையை விட்டுப் போவதில்லை.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

வாடிக்கையாளருக்கு முன்தினம் ஒரு குறிப்பு அனுப்புங்கள்: காரைக் கழுவி, நான்கு பக்கமும் உள்ளும் தேதி தெரியப் படம் எடுக்கவும், எரிபொருள் கால் டேங்க் போதும், சுங்கச்சாவடிக் கட்டண வில்லையைக் கழற்றவும், சொந்தப் பொருட்களைக் காருக்குள் வைக்க வேண்டாம், வைத்தால் அவற்றுக்குக் காப்பீடு இல்லை. ஓட்டுநர் வந்ததும் இருவரும் சேர்ந்து காரைச் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல்களை பில் ஆஃப் லேடிங் எனும் சரக்கு ஒப்படைப்புத் தாளில் குறித்துக் கையெழுத்திடுவார்கள். சேரிடத்தில் அதே தாளோடு மறுபடியும் பார்க்க வேண்டும். புதுச் சேதம் எதுவானாலும் கையெழுத்திடும் முன்பே அந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். இரவில் இறங்கினால் டார்ச் விளக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். மழையில் நனைய மனமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டவரின் கோரிக்கை அநேகமாக நிலைக்காது.

சேதத்துக்குச் சட்டப்படி பொறுப்பாளி கேரியர். 1906ஆம் ஆண்டின் கார்மாக் திருத்தம் என்ற கூட்டாட்சிச் சட்டம் அதைக் கேரியர் மீதே வைக்கிறது. கோரிக்கை கொடுக்கக் குறைந்தது ஒன்பது மாதமும், மறுக்கப்பட்டால் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டும் அது அனுமதிக்கிறது. ஆனால் "நான் தரகன்தான், அவரிடம் பேசுங்கள்" என்று விலகிக்கொள்ளாதீர்கள். காப்பீட்டு முகவரின் எண், தாளின் நகல், படங்கள் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுத்து, கோரிக்கை முடியும் வரை இரு தரப்பையும் துரத்துவது உங்கள் தரகுக்குள் அடங்கிய வேலைதான். கேரியரின் காப்பீடு கைவிட்டால் உதவும் மாற்றுச் சரக்குக் காப்பீட்டை உங்கள் பெயரில் வாங்குவது பற்றியும் சில மாதங்களில் யோசியுங்கள்.

வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்

வாடிக்கையாளர் விவரங்களை விற்கும் தளங்கள் உண்டு. ஒரே விவரத்தைப் பல தரகர்களுக்கு விற்பார்கள். படிவத்தை நிரப்பிய சில நொடிகளில் அந்த மனிதரின் தொலைபேசி கதறத் தொடங்கிவிடும். பகுதிநேரமாகச் செய்பவர் அந்த ஓட்டத்தில் முந்த முடியாது. சம்மதமின்றிச் செய்யும் தானியங்கி அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கு 1991ஆம் ஆண்டுத் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அழைப்பு ஒன்றுக்கு 500 முதல் 1,500 டாலர் வரை இழப்பீடு விதிக்கிறது என்பதால், அதில் சட்ட ஆபத்தும் உண்டு. அதைவிட உங்கள் ஊரின் சிறு கார் விற்பனையகங்கள், வீடு விற்கும் முகவர்கள், இடமாற்றத்தைக் கவனிக்கும் மனிதவளப் பிரிவினர், உடன் வேலை செய்பவர்கள் ஆகியோரை நாடுங்கள். மாதம் நான்கு கார் போதும் என்ற அளவில் இவர்களே போதுமானவர்கள். விளம்பரத்திலும் இணையதளத்திலும் நீங்கள் தரகர் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பதிவு செய்த பெயரன்றி வேறு பெயரில் தொழில் செய்யவும், உங்களைக் கேரியராகக் காட்டிக்கொள்ளவும் விதி தடை செய்கிறது. பொய் மதிப்புரைகளை வாங்குவதும் எழுதுவதும் 2024 அக்டோபரிலிருந்து கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதிப்படியும் தடை செய்யப்பட்டவை.

கணக்கும் கோப்பும்

ஒவ்வொரு காருக்கும் ஒரு கோப்பு வைத்து மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். அனுப்பியவரின் பெயரும் முகவரியும், கேரியரின் பெயர், முகவரி, பதிவு எண், பில் ஆஃப் லேடிங் எண், நீங்கள் பெற்ற தரகு எவ்வளவு, அதைக் கொடுத்தவர் யார், வாடகையை நீங்கள் வசூலித்திருந்தால் அதன் தொகையும் கேரியருக்குக் கொடுத்த தேதியும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பரிமாற்றத்தில் பங்குகொண்ட எவரும் அதைப் பார்க்கக் கேட்கலாம். ஆகவே ஓட்டுநர் பார்த்தாலும் நாணப்பட வேண்டாத தரகையே வையுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, ஒருவரே நடத்தும் எல்எல்சியின் லாபம் வழக்கமாக உங்கள் தனி வரித் தாக்கலிலேயே சேரும். வருமான வரியோடு 15.3 விழுக்காடு சுயதொழில் வரியும் உண்டு என்பதால், கிடைக்கும் தரகில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். முன்கூட்டிய வரியை ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15ஆம் தேதிகளையொட்டிக் கட்ட வேண்டும்.

நாளின் ஒழுங்கு

காலை வேலைக்குப் புறப்படும் முன் அரை மணி நேரம் லோடு போர்டைப் பார்த்து, நகராத கார்களின் தொகையைச் சரிசெய்யுங்கள். மதிய இடைவேளையில் கேரியர்களைச் சரிபார்த்து டிஸ்பாட்ச் தாள்களை அனுப்புங்கள். மாலையில் விலைப்புள்ளிகளும் வாடிக்கையாளர் அழைப்புகளும். முதல் மூன்று மாதம் மூன்று நான்கு வழித்தடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றின் விலை ஏற்ற இறக்கம் மனத்தில் பதிந்துவிடும். நல்ல ஓட்டுநர்களும் அந்தத் தடங்களில்தான் மறுபடி மறுபடி கிடைப்பார்கள். அவர்களுடைய பெயர், வண்டி, போகும் வழி, வார இறுதியில் எங்கே இருப்பார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதத்தில் லோடு போர்டில் இடாமலேயே ஒரு காரை அனுப்ப அந்த நோட்டு உதவும்.

கார் சேர வேண்டிய நாளன்று காலையில் ஓட்டுநரை அழைத்து நேரம் கேட்டு, அதை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். தாமதமென்றால் அவர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். இறங்கியதும் இருவரையும் அழைத்து, கையெழுத்தான தாளின் படத்தைப் பெற்று, ஓட்டுநருக்குப் பணம் முழுவதும் சேர்ந்ததா என்று கேட்டுக் கோப்பில் தேதியிட்டு எழுதிய பிறகுதான் அந்தக் காரின் கோப்பை மூட வேண்டும்.